வண்டிக் கூரையில் ஒரு சூரிய விளக்கு

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில், பராமரிப்புப் பிரிவில் ஊழியம் செய்யும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. மேடையில் பேசிப் பழக்கப்பட்டவனும் அல்ல. ஆஸ்பத்திரியில் மோட்டார், ஜெனரேட்டர், வயரிங் வேலைகளைப் பார்க்கிறவன். மலைக் கிராம மருத்துவ முகாம்களுக்கு வண்டியோடு போய் வருவதும் என் வேலை. இன்று காலை நீங்கள் உள்ளே வரும்போது, வாசலில் நின்ற வண்டியின் கூரையில் இரண்டு கறுப்புத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு அம்மா என்னிடம், "ஏனுங் தம்பி, வண்டி வெயில்லயே ஓடுதுங்களா?" என்று கேட்டார்கள். இல்லை, வண்டி டீசலில்தான் ஓடுகிறது. அந்தத் தகடுகள் என்ன செய்கின்றன, என்ன செய்யாது, அதில் நாங்கள் செய்த தவறுகள் என்ன என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்வதற்காகவே என்னைப் பேசச் சொன்னார்கள். உங்கள் காணிக்கையில் வாங்கிய பொருள் என்பதால், கணக்குச் சொல்வது என் கடமை.

வைத்தியம் நோயாளியைத் தேடிப் போவது நமக்குப் புதிதல்ல. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் முதலில் மாட்டு வண்டியிலும், 1909 முதல் ஒரு சிறிய பெஜோ மோட்டார் காரிலும் கிராமங்களுக்குப் போய், சாலையோர மரத்தடிகளில் மருந்து கொடுத்தார்கள். அந்த நாளில் மரத்தடி வைத்தியத்துக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. இன்று தேவைப்படுகிறது. இருதயத்தின் துடிப்பைப் பதிவு செய்யும் ஈ.சி.ஜி. கருவி, கர்ப்பிணித் தாய்மாருக்கான ஸ்கேன், மூச்சுத் திணறலுக்கு மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் என்று எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும்.

நமது கொங்கு நாட்டுக்கு மின்சாரம் சீக்கிரமே வந்தது. 1932-ல் நீலகிரியின் பைக்காராவில் நீர் மின் நிலையம் தொடங்கியது. அந்தக் கரண்டில்தான் கோயமுத்தூர் மில்கள் பெருகின, தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார்கள் இறங்கின. ஆனால் கடம்பூர் மலை, பர்கூர் மலை, திம்பத்துக்கு அப்பாலுள்ள காடுகள் ஆகிய இடங்களிலே மழைக்கும் காற்றுக்கும் மரம் விழுந்தால் கம்பி அறுந்துபோகும். சரி செய்ய ஆள் வரும் வரை இருட்டுதான். கீழே இருக்கிற நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 2012-ஆம் ஆண்டு கோயமுத்தூர் பகுதியில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

முன்பெல்லாம் முகாமுக்கு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரைக் கொண்டு போவோம். அதை எவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலும் சத்தம் வரும். டாக்டரம்மா குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, "அண்ணா, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க, எனக்கு மூச்சுச் சத்தம் கேட்கலை" என்பார்கள். நிறுத்தினால் நெபுலைசர் நின்றுவிடும். சில ஊர்களில் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துக்கொள்வோம். அவர்கள் மனதாரக் கொடுப்பார்கள். ஆனால் வோல்டேஜ் குறைந்து, ஸ்கேன் கருவி பாதியில் அணைந்துவிடும்.

இப்போது அதற்குப் பதிலாக ஒரு பெட்டியைக் கொண்டு போகிறோம். கைப்பிடியுள்ள சிறிய டிரங்குப் பெட்டி அளவுதான், ஒரு ஆள் தூக்கலாம். உள்ளே லித்தியம் பேட்டரி, அதை நிரப்பும் கருவி, வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. நமது தோட்டத்துக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். வெயில்தான் ஊற்று. கூரையிலுள்ள தகடு மோட்டார். பெட்டி தண்ணீர்த் தொட்டி. மோட்டார் எவ்வளவு வேகமாக இறைக்கிறது என்பது வாட். தொட்டியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது யூனிட். எங்கள் பெட்டியில் கொள்வது ஒரு யூனிட், அதாவது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரியும் அளவு. வீட்டு மின்சாரக் கட்டணத்தில் ஒரு யூனிட்டுக்குச் சில ரூபாய்தான். மலையில் இரவு நேரத்தில் அந்த ஒரு யூனிட்டுக்கு விலை சொல்ல முடியாது.

கூரையில் இருப்பவை 200 வாட் தகடுகள் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து அடி நீளம், இரண்டேகால் அடி அகலம். தமிழ்நாட்டில் சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது. அந்தக் கணக்கில் 400 வாட்டுக்கு இரண்டு யூனிட் வர வேண்டும். வராது. கூரையின் சூட்டில் தகடு 60 டிகிரிக்கு மேல் காயும்போது அதன் சக்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. தூசி ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, நிரப்பும்போது கொஞ்சம் வீணாகிறது. நாள் முழுதும் வெட்டவெளியில் நின்றால் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். மரங்களுக்கு இடையே மலைப் பாதையில் போய் வருகிற நாளில் அதில் பாதிதான்.

அந்தப் பாதியே ஒரு முகாமுக்குப் போதும். ஸ்கேன் கருவி 60 வாட். மூன்று மணி நேரத்துக்கு 180. நெபுலைசர் 120 வாட். எல்லா நோயாளிகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். ஒரு மின்விசிறி ஐந்து மணி நேரத்துக்கு 250. மொத்தம் 550. வந்ததும் செலவானதும் ஏறக்குறைய சரியாகிவிடும், தொட்டி குறையாமல் திரும்பலாம். கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவை இதில் ஓட்ட முடியாது. அதற்கு இரண்டாயிரம் வாட் வேண்டும். ஆகவே சுத்தம் செய்த கருவிகளைக் கட்டிக்கொண்டு போகிறோம். தடுப்பூசிப் பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை, ஐஸ் கட்டிகளே போதும்.

வண்டியின் மேல் தகடு பொருத்துவது யாரோ ஒருவருடைய வீண் ஆசை என்று எண்ண வேண்டாம். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்ற மாணவி, கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020-ல் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசைப் பெற்றாள். வண்டியின் கூரையிலுள்ள தகடு பேட்டரியை நிரப்புகிறது, பேட்டரி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குகிறது. சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த பெட்டிகளின் கூரையில், ஒவ்வொன்றிலும் 300 வாட் தகடுகள் 16 பொருத்தி, 2017 ஜூலையில் டெல்லியில் ஓடவிட்டார்கள். டீசலில் ஓடும் அந்த ரயிலுக்கு விளக்கும் விசிறியும் வெயிலில் நடந்தன. அதே 2017-ல் கேரளத்தில் வைக்கம் துறையிலிருந்து 'ஆதித்யா' என்ற சூரியப் படகு பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நமது வண்டி இவற்றுக்கெல்லாம் ஒரு சிறிய தம்பி.

இனி எங்கள் தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு பல வருஷங்களுக்கு முந்தியது. ஒரு அன்பர் தகடு வாங்கிக் கொடுத்தார். அவருடைய தகப்பனாரின் பெயரை அதன் ஓரத்தில் அழகாக எழுதினோம், போட்டோ எடுத்தோம், இதே பத்திரிகையில் போட்டோம். அப்போது வைத்தது ஈயம்-அமில பேட்டரி. ஒவ்வொரு முகாமிலும் அதை அடிவரை காலி செய்தோம். அந்த ஜாதி பேட்டரியை அப்படி நடத்தினால் சில நூறு தடவைகளுக்கு மேல் தாங்காது. மூன்று வருஷத்தில் அது செத்தது. புதிய பேட்டரிக்கு யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டோம். தகடு என்றால் கொடுப்பார்கள், மறுபடியும் பேட்டரி என்றால், "போன தடவைதானே கொடுத்தோம்" என்பார்கள் என்று பயந்தோம். தகடு நன்றாகவே இருந்தது. பெயரோடு கூரையின்மேல் வெயில் காய்ந்துகொண்டு சும்மா கிடந்தது. கீழே பழையபடி ஜெனரேட்டர் ஓடிற்று. அந்த அன்பர் ஒரு நாள் வந்து, "தகடு நல்லா வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டார். தகடு வேலை செய்கிறது என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. அது இன்றும் என் மனதில் உறுத்துகிறது.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. லித்தியம் பெட்டி முதன்முதலில் வாங்கியது சிறியது. அது 30 வோல்ட் வரைதான் ஏற்கும். எங்கள் தகடு ஒவ்வொன்றும் சுமையில்லாதபோது 24 வோல்ட் காட்டும். இரண்டையும் பக்க இணைப்பாக இணைத்திருந்தால் 24-ஆகவே இருந்திருக்கும். நான் அவசரத்தில் தொடராக இணைத்துவிட்டேன், 48 ஆகிவிட்டது. பெட்டியின் பின்புறத்தில் அந்த அளவு அச்சிட்டே இருந்தது. முப்பது வருஷம் வயரிங் பார்த்தவன் என்ற எண்ணத்தில் நான் அதைப் படிக்கவில்லை. பெட்டியின் வாய் எரிந்துபோனது. அது உங்கள் காணிக்கை. உங்கள் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது தவறு நிழல். டாக்டர்கள் வண்டியைப் புளிய மரத்தடியில் நிறுத்தச் சொல்வார்கள். நியாயம்தான். காய்ச்சலோடு வருகிற பிள்ளையை வெயிலில் உட்கார வைக்க முடியுமா? ஆனால் தகட்டின் ஒரு மூலையில் கிளையின் நிழல் விழுந்தாலே போதும். அதிலுள்ள சில்லுகள் சங்கிலி போலக் கோக்கப்பட்டவை. ஒரு கண்ணி அடைத்தால் ஒரு வரிசையே நிற்கிறது. பல முகாம்களில் நாள் முழுதும் நின்றும் கால் யூனிட்கூட ஏறவில்லை. இப்போது ஒரு தகட்டைக் கழற்றி எடுக்கும்படி அமைத்துவிட்டோம். பத்து மீட்டர் கனத்த கேபிளோடு அதை வெளியே வெயிலில் சாய்த்து வைக்கிறோம். மெல்லிய கேபிள் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும். நோயாளிக்கு நிழல், தகட்டுக்கு வெயில் என்று இரண்டும் நடக்கிறது.

சித்திரை மாதத்தில் காங்கேயம், தாராபுரம் பக்கம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் பேட்டரியை விட்டுவைப்பதும் ஆகாது. 45 டிகிரிக்கு மேலே சூடானால் அதை நிரப்பக் கூடாது. பெட்டியே நிறுத்திக்கொள்ளும், நமக்குத் தெரியாது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கினால் போல்ட்டுகள் தளரும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஸ்பேனரோடு ஏறிப் பார்க்க வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின் விதிகள் உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, இன்சூரன்ஸுக்கும் எழுதிய பின்புதான் இந்தச் சட்டத்தைக் கூரையில் பூட்டினோம்.

கடைசியாக ஒரு சம்பவத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

கடம்பூர் மலையின் உள்பகுதியில் ஒரு முகாம். பெரிய பெட்டி வாங்கிய புதிது. புறப்படும்போது டிரைவர் அண்ணன் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கி வைத்தார். நான், "எதுக்குங்கண்ணா அந்தக் கனம்? இப்பத்தான் மெஷினும் பொட்டியும் இருக்குதுல்லங்க" என்றேன். அவர் பதில் பேசாமல் பெல்ட்டைப் போட்டு இறுக்கினார்.

அந்த ஊரில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. பெட்டியைப் பார்த்ததும் பிள்ளைகளும் பெரியவர்களும் போனைக் கொண்டுவந்தார்கள். "ஏனுங்க, கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தருவீங்களா? மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான், மூணு நாளா பேசலைங்க" என்றார் ஒரு தாய். எப்படி மறுப்பது? போன் ஒன்றுக்கு 15 வாட்-மணி என்று வையுங்கள், நாற்பது போனுக்கு அதுவே அரை யூனிட்டுக்கு மேல் ஆகிறது. அன்று மேகமூட்டம் வேறு. சாயங்காலம் கட்டிப் புறப்படும்போது பெட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் மீதி.

அப்போது ஒரு பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். நாள்பட்ட நெஞ்சுச் சளி, உதடெல்லாம் நீலம். டாக்டரம்மா ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார்கள். இயந்திரம் 350 வாட் இழுக்கும். பெட்டியில் இருந்தது முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். கீழே சத்தியமங்கலம் போய்ச் சேர, யானை குறுக்கே நிற்காவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டியிலுள்ள சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து நிரப்பினால் 100 வாட் வரும், இயந்திரம் தின்பதோ 350. நான் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். எத்தனை தடவை போட்டாலும் கணக்கு சரிவரவில்லை.

பாதி வழியில் பெட்டி மூன்று தடவை கூவிவிட்டு நின்றது. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்னால் வந்து, குழாயைச் சிலிண்டருக்கு மாற்றி, வால்வைத் திறந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர் கண்ணைத் திறந்து, "ஏஞ்சாமி, வண்டி ஏன் நின்னுது?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பிழைத்தார். அடுத்த முகாமுக்குத் தாமே நடந்து வந்து, "அந்தப் பொட்டி நல்லா இருக்குதுங்களா?" என்று விசாரித்தார்.

அன்று முதல் எங்களுக்குச் சில கட்டளைகள். சிலிண்டர் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. புறப்படுவதற்கு முந்தின இரவே ஆஸ்பத்திரி கரண்டில் பெட்டியை முழுவதும் நிரப்பிவிடுவோம். ஆனி, ஆடியில் மேற்கு மலைகளில் மேகம் இறங்கினாலும், ஐப்பசியில் அடைமழை பிடித்தாலும் தகட்டை மட்டும் நம்பிப் போகமாட்டோம். பெட்டியின் முகப்பில் சிவப்பு டேப் ஒட்டி, பாதிக்குக் கீழே இறங்கினால் மூச்சுக்குத் தவிர வேறு எதற்கும் இல்லை என்று எழுதியிருக்கிறோம். போன்களுக்கு? பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் தாய்மாருக்கு இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆகவே, அதற்கென்றே ஒரு சிறிய பெட்டி தனியாகப் போகிறது. மடக்கும் தகடு ஒன்று அதை நிரப்புகிறது. அது தீர்ந்தால் தீர்ந்தது, வேறொன்றும் கெடாது.

2022 பிப்ரவரி முதல் திம்பம் சாலையில் வன விலங்குகளுக்காக இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். நோயாளி அவசரத்துக்கு வழி உண்டு. ஆனால் முகாம் முடிய நேரமானால் மற்ற நாட்களில் மேலேயே தங்கிவிடுகிறோம். அப்படிப்பட்ட இரவில் ஆட்கள் விளக்கைப் பார்த்து வருவார்கள். ஆகவே பகலில் சேர்ப்பது இரவுக்கும் மீந்திருக்க வேண்டும்.

அருமையானவர்களே, நான் கேட்க வந்தது இன்னொரு தகடு அல்ல. தகடு இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும், இருப்பதே போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஆயிரக்கணக்கான தடவை நிரப்பிக் காலி செய்யத் தாங்கும். ஆனாலும் அதற்கும் ஒரு நாள் முடிவு உண்டு. அந்த நாள் வரும்போது நாங்கள் மறுபடியும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளக் கூடாது. ஆகவே இன்றே 'பேட்டரி மாற்று நிதி' என்று ஒரு சிறு கணக்கைத் தனியாக ஆரம்பித்திருக்கிறோம். அதற்குக் கொடுத்தால் உங்கள் பெயரை எழுத இடமில்லை. பேட்டரி பெட்டிக்குள் இருக்கிறது, யாரும் பார்க்கமாட்டார்கள். போட்டோவும் வராது. கேபிள், போல்ட், சிலிண்டர் நிரப்பும் செலவு எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

பத்துக் கன்னிகைகளின் உவமையை ஞாயிறு பள்ளியிலிருந்தே நாம் அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. வித்தியாசம் எண்ணெயில்தான் இருந்தது. அன்று மலைப்பாதையில் பெட்டி நின்றபோது எனக்கு அந்த உவமைதான் நினைவுக்கு வந்தது. என்னிடம் விளக்கு இருந்தது. எண்ணெய் வைத்திருந்தவர் டிரைவர் அண்ணன்.

கூட்டம் முடிந்ததும் வாசலுக்கு வாருங்கள். பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். எது வேண்டுமானாலும் கேளுங்கள், இந்த முறை முழு உண்மையையும் சொல்வேன்.

 கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.